மிளகா, பயறா? உளவுக்காரர்கள் ஏன் கதை எழுதுகிறார்கள்

பல்லடத்தில் இருந்து தாராபுரம் போகும் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு எங்கள் ஊர் குண்டடம் தெரிந்திருக்கும். காற்றாலைகள், வாரச்சந்தை, அப்புறம் கொங்கு வடுகநாதர் கோயில். அந்தக் கோயிலைப் பற்றி ஊரில் ஒரு கதை சொல்வார்கள். சேர நாட்டில் இருந்து மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு வியாபாரி இந்த வழியாக வந்தானாம். ஒரு முதியவர் மருந்துக்குக் கொஞ்சம் மிளகு கேட்டார். கொடுக்க மனசில்லை. "மூட்டையில இருக்கறது பாசிப்பயறுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். விற்கிற இடத்தில் மூட்டையைப் பிரித்தால் அத்தனையும் பயறு! முதியவராக வந்தது வடுகநாதர்தான் என்று தெரிந்து, ஓடி வந்து மன்னிப்புக் கேட்டு, பயறு மறுபடி மிளகானது என்று கதை முடியும்.

வரலாற்றுக் கட்டுரை என்று சொல்லிவிட்டுத் தலபுராணம் ஓட்டுகிறானே என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது. போன மாதம் வகுப்பில் வரலாற்றுச் சான்றுகள் பற்றி ஒரு செமினார். கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அரசு ஆவணம், பயணக் குறிப்பு என்று பட்டியல் போய்க்கொண்டிருந்தபோது, "போர் நாவலைச் சான்றாக எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நான்கு வாரம் படித்த பிறகு கொஞ்சம் தெரிகிறது. மிளகு மூட்டையைக் கட்டி, மேலே "பயறு" என்று எழுதி அனுப்புகிற ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. உளவுத்துறையில் ரிட்டயர் ஆகி நாவல் எழுதுகிறவர்கள்தான் அவர்கள்.

முதலில் நம் ஊருக்கே வந்துபோன ஒருவர். சாமர்செட் மாம். 1938ல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணாசிரமத்தில் மயங்கி விழுந்தவர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 'தி ரேசர்ஸ் எட்ஜ்' (1944) நாவலில் வருகிற இந்தியச் சாமியாருக்கு ரமணர்தான் முன்மாதிரி என்பார்கள். அதே மனிதர் முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் உளவாளியாக இருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நாடகம் எழுதுகிற ஆள் என்ற போர்வையில் ஜெனீவாவில் உட்கார்ந்து தகவல் சேகரித்தார். 1917ல் ரஷ்யாவுக்கே அனுப்பினார்கள். ரஷ்யாவைப் போரில் தக்கவைக்க வேண்டும், போல்ஷெவிக்குகள் ஆட்சிக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தனி ஆளுக்குக் கொடுக்கிற வேலையா இது! நடந்தது என்ன என்று நமக்குத் தெரியும். லெனின் வந்தார், ரஷ்யா போரை விட்டு விலகியது.

இந்த அனுபவத்தை வைத்து மாம் 1928ல் வெளியிட்ட கதைத் தொகுப்பு 'ஆஷெண்டன்'. அதில் துப்பாக்கிச் சண்டை கிடையாது. ஓட்டல் அறையில் காத்திருப்பது, மேலதிகாரிக்கு அறிக்கை எழுதுவது, தப்பான ஆளைக் கொன்றுவிட்டோம் என்று பின்னால் தெரிந்துகொள்வது, இப்படித்தான் போகும். இன்னும் பல கதைகள் இருந்தன, ரகசியச் சட்டத்தை மீறியதாகும் என்று சர்ச்சில் எச்சரித்ததால் மாம் அவற்றை எரித்துவிட்டார் என்றும் சொல்லப்படுகிறது.

மாமுக்கு வெறும் எச்சரிக்கை. காம்ப்டன் மெக்கன்சி என்பவருக்குக் கோர்ட்டே வந்தது. இவரும் எழுத்தாளர்தான். முதல் உலகப் போரில் கிரீஸ் பகுதியில் பிரிட்டிஷ் உளவு வேலையைப் பார்த்தவர். 1932ல் அந்த நாட்களைப் பற்றி நினைவுக் குறிப்புகளாக ஒரு புத்தகம் எழுதினார். கற்பனை ஒன்றும் இல்லை, நேரடியாகப் பெயரும் ஊரும் போட்டு எழுதினார். உளவுத்துறைத் தலைவரை 'சி' என்று ஒற்றை எழுத்தில்தான் குறிப்பிடுவார்கள் என்பதையும், போர்க்காலத்தில் அந்த 'சி' யார் என்பதையும் எழுதிவிட்டார். அந்தத் தலைவர் செத்தே ஒன்பது வருடம் ஆகியிருந்தது! புத்தகத்தைத் திரும்பப் பெற்றார்கள், வழக்குப் போட்டார்கள், 1933 ஜனவரியில் 100 பவுண்டு அபராதம் விதித்தார்கள். வக்கீல் செலவு தனி.

மெக்கன்சி என்ன செய்தார் தெரியுமா? அதே 1933ல் 'வாட்டர் ஆன் த ப்ரெயின்' என்று ஒரு நாவல் எழுதினார். உளவுத்துறையை முழுநீளத்துக்குக் கிண்டல் செய்த நாவல். அட்டையில் 'நாவல்' என்று போட்டதால் யாரும் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை. உண்மையை எழுதினால் குற்றம், அதே ஆட்களைக் கோமாளி ஆக்கிக் கதை எழுதினால் குற்றம் இல்லை. இந்த ஒரு வருட இடைவெளியில்தான் என் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது என்று தோன்றுகிறது.

மீதிப் பாதி இரண்டாம் உலகப் போரில் கிடைக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த கேஸ் இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1943ல் நேச நாடுகள் வட ஆப்பிரிக்காவில் இருந்து இத்தாலியின் சிசிலித் தீவில் இறங்கத் திட்டமிட்டன. ஜெர்மானியர்களோ 'இவர்கள் கிரீசுக்கும் சார்டீனியாவுக்கும் வரப்போகிறார்கள்' என்று நம்ப வேண்டும். பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவில் இருந்த ஈவன் மாண்டேகு என்ற வக்கீலும், சார்லஸ் சாமண்டலி என்ற விமானப்படை அதிகாரியும் ஒரு பிணத்தைத் தேடிப் பிடித்தார்கள். அதற்கு 'மேஜர் வில்லியம் மார்ட்டின்' என்று பெயர் வைத்து, சீருடை மாட்டி, சட்டைப்பையில் காதலியின் படம், காதல் கடிதம், தியேட்டர் டிக்கெட் துண்டு எல்லாம் வைத்து, கையோடு பெட்டியில் பொய்யான ராணுவக் கடிதங்களைக் கட்டி, ஏப்ரல் 30 அதிகாலை ஸ்பெயின் நாட்டின் உவெல்வா கடற்கரைக்கு அருகே நீர்மூழ்கியில் கொண்டுபோய் விட்டார்கள். ஸ்பெயின் நடுநிலை நாடு என்று பெயர், ஆனால் கடிதம் ஜெர்மானியர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் நம்பினார்கள். ஜூலை 10ல் சிசிலியில் படை இறங்கியபோது எதிர்பார்த்ததைவிட எதிர்ப்பு குறைவு. (இப்படி ஒரு பிணத்தை மிதக்கவிடலாம் என்ற யோசனை 1939லேயே கடற்படை உளவுத்துறையின் ஒரு குறிப்பில் இருந்தது. அந்தக் குறிப்பை எழுதியது அங்கே நாற்காலி வேலை பார்த்த இயன் ஃப்ளெமிங் என்பார்கள். பின்னால் ஜேம்ஸ் பாண்டைப் படைத்த அதே ஃப்ளெமிங். அவரும் அதை ஒரு பழைய துப்பறியும் நாவலில் இருந்துதான் எடுத்தார்!)

போர் முடிந்தது. இதெல்லாம் ரகசியம், யாரும் எழுதக்கூடாது. ஆனால் போர்க்கால அமைச்சராக இருந்த டஃப் கூப்பருக்கு விஷயம் தெரியும். 1950ல் அவர் 'ஆபரேஷன் ஹார்ட்பிரேக்' என்று ஒரு நாவல் எழுதினார். வாழ்நாள் முழுக்கப் போருக்குப் போக ஆசைப்பட்டு வாய்ப்பே கிடைக்காத ஒரு ராணுவ அதிகாரி, செத்த பிறகு அவன் உடல் மட்டும் போருக்குப் போகிறது. அரசு தடுக்கப் பார்த்தது, முடியவில்லை. விஷயம் கதையாக வெளியே வந்துவிட்டதால், 'சரி, நம் ஆளே உண்மையை எழுதட்டும்' என்று மாண்டேகுவுக்கு அனுமதி கொடுத்தார்கள். அவருடைய 'தி மேன் ஹூ நெவர் வாஸ்' 1953ல் வந்தது, 1956ல் படமானது.

இப்போது கவனியுங்கள். அரசு அனுமதித்த அந்த 'உண்மை வரலாறு' புத்தகத்தில் பிணம் யாருடையது என்பது மறைக்கப்பட்டிருந்தது. நிமோனியாவில் இறந்த ஒருவர், குடும்பத்தாரிடம் சம்மதம் வாங்கினோம் என்று எழுதினார். அது உண்மையில்லை. எலி மருந்து தின்று லண்டனில் இறந்த வீடில்லாத ஏழை, வேல்ஸ்காரர் கிளிண்டர் மைக்கேல் என்பது 1996ல்தான் வெளியே வந்தது. சம்மதம் கேட்க யாரும் இல்லை என்பதால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக, நாவல் வரலாற்றின் கதவைத் திறந்தது, வரலாறு என்று பெயர் போட்டு வந்தது பொய் சொன்னது. செமினாரில் சிரித்த நண்பர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கவும் :)

சரி, இந்தியாவுக்கு வருவோம்.

நம் வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா' 1968 செப்டம்பரில் ஆர்.என். காவ் தலைமையில் தொடங்கியது. 1962 சீனப் போரிலும் 1965 பாகிஸ்தான் போரிலும் தகவல் போதவில்லை என்ற குறைதான் காரணம். மூன்றே வருடத்தில் 1971 போர். அந்தப் போரில் ராவின் பங்கு பெரியது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஆவணம் எங்கே? பாதுகாப்பு அமைச்சகம் எழுதி வைத்த 1971 போரின் வரலாறே முறையாக வெளியாகாமல் இருந்து, 2000ல் ஒரு நாளிதழ் வழியாகத்தான் கசிந்தது. 2005ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், அதன் 24ஆவது பிரிவு ராவுக்கும் ஐ.பி.க்கும் விலக்குக் கொடுத்துவிட்டது. அதனால் 1971ன் உளவு வேலை பற்றி நம் தலைமுறைக்குத் தெரிந்ததெல்லாம் 'ராஸி' (2018) படம். அது ஹரிந்தர் சிக்கா என்ற முன்னாள் கடற்படை அதிகாரி 2008ல் எழுதிய 'காலிங் சேமத்' நாவலில் இருந்து எடுத்தது. உண்மைப் பெண் ஒருவரின் கதை என்கிறார் அவர். சரிபார்க்க நம்மிடம் ஒரு காகிதம்கூட இல்லை.

உளவுத்துறைக்கு உள்ளேயே இருந்தவர்களில், ஐ.பி.யில் ஏறக்குறைய முப்பது வருடம் வேலை பார்த்த மலய் கிருஷ்ண தர் 2005ல் 'ஓப்பன் சீக்ரெட்ஸ்' என்று நினைவுக் குறிப்பு எழுதினார். நாவல்களும் எழுதினார். பஞ்சாப் தீவிரவாத நாட்களை வைத்து ஒன்று, பாகிஸ்தானில் வேலை செய்யும் இந்திய உளவாளியை வைத்து ஒன்று. நம் சென்னைக்காரர் பி. ராமன் கதைப் பக்கம் போகவே இல்லை. போலீசுக்கு வருமுன் பத்திரிகையாளராக இருந்தவர், ராவில் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்து 1994ல் ஓய்வு பெற்றவர். சென்னையில் உட்கார்ந்து 2013ல் இறக்கும் வரை கட்டுரைகளாக எழுதித் தள்ளினார். அவருடைய 'தி காவ்பாய்ஸ் ஆஃப் ரா' 2007ல் வந்தது. ஒரு தொந்தரவும் இல்லை.

அதே 2007ல் இன்னொரு புத்தகம். ராவில் நான்கு வருடம் இருந்த மேஜர் ஜெனரல் வி.கே. சிங் எழுதியது. கருவிகள் வாங்கியதில் நடந்த குளறுபடி உட்படப் பலதை எழுதினார். அந்த செப்டம்பரிலேயே சி.பி.ஐ. வீட்டுக்கு வந்தது. அலுவல் ரகசியச் சட்டத்தின் கீழ் வழக்கு. 1923ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. ஒரே வருடம், ஒரே அமைப்பு, ஒருவருக்குப் பாராட்டு, ஒருவருக்கு வழக்கு. எந்த வரிக்கு வழக்கு வரும், எந்த வரிக்கு வராது என்று யாராலும் சொல்ல முடியாது என்றால், பேனா எடுக்கிறவர் என்ன செய்வார்?

அமர் பூஷண் செய்ததைச் செய்வார். ரவீந்தர் சிங் விவகாரம் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ராவில் இணைச் செயலாளர், முன்னாள் ராணுவ மேஜர். தனக்குச் சம்பந்தமில்லாத கோப்புகளைக் கேட்கிறார், நகல் எடுக்கிறார் என்று சக அதிகாரிகளுக்குச் சந்தேகம். கண்காணிப்பு வைத்தார்கள். 2004 மே மாதம், டெல்லியில் ஆட்சி மாறிக்கொண்டிருந்த அதே நாட்களில், கண்காணித்துக்கொண்டிருந்தவர்கள் கண் முன்னாலேயே மனைவியோடு நேபாளம் போய், அங்கிருந்து அமெரிக்கா போய்விட்டார். அப்போது அவரைக் கண்காணித்த எதிர்உளவுப் பிரிவின் தலைவர்தான் அமர் பூஷண். 2005ல் ஓய்வு பெற்றார். 2012ல் 'எஸ்கேப் டு நோவேர்' வந்தது. அட்டையில் நாவல். ரவீந்தர் சிங், ரவி மோகன் ஆனார். 2023ல் விஷால் பரத்வாஜ் அதை 'குஃபியா' என்று படமாக்கினார்.

தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் பாக்கெட் நாவல் வாங்கிப் படித்து வளர்ந்தவன் நான். தமிழ்வாணனின் சங்கர்லால் முதல் கோயம்புத்தூர் ராஜேஷ்குமார் வரை, கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி மாட்டிக்கொள்வான் என்ற நம்பிக்கையில்தான் பஸ் ஏறுவோம். அமர் பூஷணின் கதையில் ஆள் தப்பிவிடுகிறான், தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். நாவல் முழுக்க நடப்பது என்ன? ஆதாரம் போதுமா, இன்னும் பொறுக்கலாமா, பிடித்தால் கோர்ட்டில் நிற்குமா, மேலே யார் கையெழுத்துப் போடுவார் என்ற அலுவலகப் பேச்சு. பாண்ட் எழுதிய ஃப்ளெமிங்கும் மேஜை வேலைக்காரர்தான், ஆனால் அவர் தான் செய்ய ஆசைப்பட்டதை எழுதினார். அமர் பூஷணும் மாமும் தங்களால் முடியாமல் போனதை எழுதினார்கள். சட்டத்துக்குப் பயந்து கதை எழுதினார்கள் என்று மட்டும் சொன்னால் பாதிதான். 'என் மேற்பார்வையில் ஒருவன் தப்பினான்' என்று அறிக்கையில் எழுதினால் அது விளக்கம் கேட்கும் கோப்பாகிவிடும். நாவலில்தான் ஒரு மனிதன் அதைச் சொல்ல முடிகிறது.

இந்தக் கதவும் இப்போது ஒடுங்கிவிட்டது. 2021 மே 31ல் மத்திய அரசு ஓய்வூதிய விதிகளைத் திருத்தியது. உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் ஓய்வு பெற்றவர்கள் அந்த அமைப்பின் வேலை தொடர்பாக, அங்கே பெற்ற அறிவைக் கொண்டு எதை வெளியிடுவதாக இருந்தாலும் தலைமையின் முன் அனுமதி வேண்டும். மீறினால் பென்ஷனில் கை வைக்கலாம். 'அங்கே பெற்ற அறிவு' என்றால் ஒரு உளவுக்காரரின் நாவலில் எந்தப் பக்கம் தப்பிக்கும்? பென்ஷனை நம்பி இருக்கிற எழுபது வயதுக்காரர் அபராதத்துக்குப் பயப்படுவதைவிட இதற்குத்தான் அதிகம் பயப்படுவார்.

இதில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். என் பெரியப்பா ராணுவத்தில் டிரைவராக இருந்தவர். 1987ல் இந்திய அமைதிப் படையோடு யாழ்ப்பாணம் போனவர். அந்தப் போரில் நம் வீரர்கள் 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கியப் படைப்பிரிவின் 30 பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். இவர்கள் வரப்போவது புலிகளுக்கு வயர்லெஸ்ஸை ஒட்டுக்கேட்டதிலேயே தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் எத்தனை பொதுமக்கள் செத்தார்கள் என்பதற்கு ஆளுக்கு ஒரு கணக்கு. யாருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்பதுதான் இந்தப் போரின் முக்கியமான கேள்வி, அதற்கான கோப்புகள் மூடியே இருக்கின்றன. அமைதிப் படையின் உளவுப் பிரிவுக்குத் தலைவராக இருந்த கர்னல் ஆர். ஹரிஹரன் ஒரு தமிழர். இலங்கை பற்றி நிறைய ஆய்வுக் கட்டுரைகள் எழுதுகிறார். ஆனால் கட்டுரையில் படை நகரும், அரசு முடிவெடுக்கும், தூக்கம் வராத இரவு இருக்காது.

தூக்கம் வராத இரவை எழுதியது மறுபக்கம்தான். அவர்கள் உளவு அதிகாரிகள் இல்லை, இயக்கத்தில் இருந்து வெளியே வந்தவர்கள். 'கோவிந்தன்' என்ற புனைபெயரில் 1985லேயே 'புதியதோர் உலகம்' நாவல் வந்துவிட்டது. ஒரத்தநாட்டுப் பக்கம் முகாம் போட்டிருந்த பிளாட் இயக்கத்துக்குள் நடந்த சித்திரவதையையும் கொலையையும், அதில் இருந்து தப்பி வந்தவரே எழுதினார். நம் தஞ்சாவூர் மாவட்டத்தில் நடந்தது இது, நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரி இல்லை! அவர் பெயரை மறைத்தது சட்டத்துக்குப் பயந்து இல்லை, துப்பாக்கிக்குப் பயந்து. 2001ல் ஷோபாசக்தியின் 'கொரில்லா' வந்தது. சிறு வயதில் புலிகள் இயக்கத்தில் இருந்தவர், பிரான்சில் அகதியாக இருந்துகொண்டு எழுதினார். அந்தப் போரின் உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு மாணவன் இன்று எதைப் படிப்பான்? இந்த நாவல்களைத்தான். எந்த அரசும் இதற்கு ஈடாக ஒரு பக்கம் வெளியிடவில்லை.

நாவலைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். தேதிக்கும் எண்ணிக்கைக்கும் கூடாது. எந்தப் பாத்திரம் நிஜ ஆள், எது கற்பனை என்று எழுதியவரைத் தவிர யாருக்கும் தெரியாது, அவரும் சொல்ல மாட்டார். பழைய கணக்கைத் தீர்க்க வேண்டாத மேலதிகாரியை வில்லன் ஆக்கியிருக்கலாம், தன்னை நல்லவனாக்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த அலுவலகத்தில் பயம் எப்படி இருந்தது, எதை மறைக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று நம்மிடம் இல்லை. டஃப் கூப்பர் கதை மாதிரி, என்றாவது ஒரு நாவல் ஒரு கோப்பைத் திறக்கவைக்கவும் கூடும்.

'மெட்ராஸ் கஃபே' 2013ல் வந்தபோது எதிர்ப்பு காரணமாகத் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் வெளியாகவில்லை. போன தீபாவளி லீவில் என் போனில் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிடம் பார்த்தார். "அங்க ரோடு இத்தன அகலம் இல்ல கண்ணு" என்றார். வேறு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

பெரியம்மாதான் பீரோவில் இருந்து அந்த வருடக் கடிதங்களை எடுத்துக் கொடுத்தார். பதினொரு கடிதம். அனுப்புநர் முகவரியில் அவர் பெயர், படைப்பிரிவு, ராணுவத் தபால் எண், அவ்வளவுதான். ஊர்ப்பெயர் எதிலும் கிடையாது. எல்லாக் கடிதத்திலும் முதல் வரி இங்கு நான் நலம் என்பது. தேதி வாரியாக அடுக்கி, மேலே சொன்ன போர் நாட்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அக்டோபர் மாதத்தில் மட்டும் கடிதமே இல்லை.